ஐந்தடி ஏழு அங்குலம்

கும்மிடிப்பூண்டி
20.1.1974

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெயராஜ் எழுதுவது. நானும் கன்னியம்மாவும் சுகமாக இருக்கிறோம். இந்தப் பனியில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஆறு மாதமாகச் செய்துகொண்டிருந்த டிரெய்லரை முடித்துவிட்டேன். ஆலையில் கழித்துப்போட்ட இரும்புச் சட்டங்கள் (கேட்பீர்கள் என்று தெரியும், ரசீது போட்டு வாங்கியவைதான்), இரண்டு சக்கரம், சுற்றிலும் தகரம், மேலே கித்தான் கூரை. உள்ளே மடக்குக் கட்டில் இரண்டு, ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். ராணுவ ஏலத்தில் நான் எடுத்த பழைய ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கலாம்.

பொங்கல் விடுமுறையில் பழவேற்காட்டுக்குப் போனோம். ஏரியை ஒட்டி, தண்ணீர் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். விடிந்து பார்த்தால் சக்கரம் இரண்டும் சேற்றுக்குள் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டிலிலிருந்து நான் உருண்டு ஸ்டவ்மேல் விழுந்தேன். கன்னியம்மாவின் சித்தப்பா முனிகிருஷ்ணன் வலைக்குப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். படகு இழுக்கும் வடத்தைக் கட்டி எட்டுப் பேர் இழுத்தார்கள். இழுக்கும்போதே அவர், "இன்னா மாப்ளே, ஊட்டையே இஸ்துகினு வந்துட்ட, வாசப்படிய எங்க வுட்ட?" என்று கேட்க, எல்லோரும் வடத்தை விட்டுவிட்டுச் சிரிக்க, வண்டி மறுபடி சேற்றில் போய் உட்கார்ந்தது.

ஆனாலும் நல்ல விடுமுறை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஜெயராஜ்


திருவள்ளூர்
2.2.1974

அன்புத் தம்பி ஜெயராஜுக்கு,

உன் கடிதம் 23ஆம் தேதி கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கோயிலுக்கு நடந்துதான் போகிறேன்.

சொந்த ஊரில் வீடும், வேலை செய்யும் ஊரில் குவார்ட்டர்ஸும் உள்ள நாற்பத்திரண்டு வயது மனிதன், தகரப் பெட்டிக்குள் படுக்க ஏன் ஆசைப்படுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். அவர் இல்லாததால் நான் கேட்கிறேன். பதில் எழுத வேண்டாம்.

ஈஸ்டருக்கு இங்கே வருவது பற்றிக் கிறிஸ்துமஸ் கடிதத்தில் கேட்டிருந்தாய். நீ எப்போதும் வரலாம். அப்பா கட்டிய கேட்டின் முன் நின்று உன் கல்யாணத்தன்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இந்தக் கேட்டைத் தாண்டி அவள் உள்ளே வரக்கூடாது என்றேன். ஐந்து வருடத்தில் அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை என்பது என்னிடம் படித்த பிள்ளைகளுக்கே தெரியும்.

ஸ்டவ் சுட்ட இடத்தில் தேங்காயெண்ணெய் தடவு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அக்கா,
விக்டோரியா


கும்மிடிப்பூண்டி
28.4.1974

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத மிகவும் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. வெயில்தான் தாங்கவில்லை. உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

ஈஸ்டருக்கு வர முடியவில்லை. மின்வெட்டால் ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கிடைத்த ஓய்வை வீணாக்குவானேன் என்று பூண்டி ஏரிக்கரையில் கேம்ப் போட்டோம். 23ஆம் தேதி போய், நேற்றுத் திரும்பினோம்.

அதுவும் சரியாக அமையவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அடித்த கோடைக் காற்றில் கித்தான் பிய்த்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் ஏரிக் காவலாளி வந்தான். "இன்னா சார், சர்க்கார் எடத்துல குட்ச கட்டிகினு கீற?" என்றான். இது குடிசை இல்லை, டிரெய்லர் என்றேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சக்கரம் வெச்ச குட்ச" என்றான். கன்னியம்மா அவனுக்கு வறுத்த மீன் கொடுத்த பிறகு எங்களை விட்டுவிட்டான். கித்தானையும் அவனே நீந்திப் போய் எடுத்துக் கொடுத்தான்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஜெயராஜ்


திருவள்ளூர்
9.5.1974

அன்புத் தம்பி ஜெயராஜுக்கு,

இங்கே யாவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இங்கே நான் ஒருத்திதான். நலமே. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

பூண்டி ஏரி இந்த வீட்டிலிருந்து எட்டு மைல். அங்கிருந்து காலையில் மூன்று பஸ் வருகின்றன. ஐந்து நாள் நீ அங்கே இருந்திருக்கிறாய். ஒரு வேளை சாப்பாட்டுக்கு நீ வந்திருக்கலாம். வரவில்லை. காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

23ஆம் தேதி செவ்வாய், 27ஆம் தேதி சனி. வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றால் அந்த வாரம் மூன்று நாள் எது என்று காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன். கணக்கு வரவில்லை. நான் கணக்கு டீச்சர் இல்லை, தவறு என்னுடையதாக இருக்கலாம்.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே.

அக்கா,
விக்டோரியா


எளாவூர்
30.6.1974

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. வேலை மும்முரம். வேறொன்றுமில்லை. நாங்கள் நலம். உங்கள் கண்ணுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா?

ஒரு விஷயம். குவார்ட்டர்ஸில் தபால் சரியாகக் கைக்கு வருவதில்லை. இனிமேல் 'வீரராகவன் டீக்கடை, செக்போஸ்ட் அருகில், எளாவூர்' என்று எழுதுங்கள். வீரராகவன் நம்பகமானவர். நான் அடிக்கடி இந்தப் பக்கம் வருகிறேன்.

இப்போதும் இங்கேதான் கேம்ப். டீக்கடைக்குப் பின்னால் ஒரு மாந்தோப்பு. நல்ல நிழல். வரும் வழியில் ஒரு சக்கரம் கழன்று தனியாக உருண்டு, எங்களுக்கு முன்னால் போய்த் தோப்பு வாசலில் படுத்துக்கொண்டது. மாடுகள் மிரண்டுவிட்டன. வீரராகவன் கடைக்குள்ளிருந்தே, "சக்கரம் வந்துட்சி, வண்டி எப்ப வரும் நைனா?" என்று கத்தினார். தெலுங்குப் பக்கத்து மனிதர், எல்லோரையும் நைனா என்பார். மாட்டுக்காரன் அச்சாணிக்குப் பதிலாக மரக்குச்சி ஒன்றைச் செருகி வண்டியை உள்ளே கொண்டுவந்து சேர்த்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி,
ஜெயராஜ்


திருவள்ளூர்
12.8.1974

அன்புத் தம்பி ஜெயராஜுக்கு,

கண்ணாடி மாற்றியாயிற்று. இப்போது சின்ன எழுத்தும் நன்றாகத் தெரிகிறது.

உன் ஜூன் மாதக் கடிதத்தில் மாடுகள் வருகின்றன. ஜீப் வரவில்லை. இதைக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு 18ஆம் தேதி அப்பாவின் நினைவு நாள். காலை ஆறு மணிப் பூசையில் அவர் பெயரை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். வழக்கம்போல் ஒரு பார்சல் இன்று பதிவுத் தபாலில் போகிறது. பதிவுத் தபாலை டீக்கடைக்கு அனுப்புவதை நான் விரும்பவில்லை. குவார்ட்டர்ஸ் முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். வந்து சேர்ந்ததும் எழுது.

இந்தப் பக்கம் இரண்டு மழை பெய்துவிட்டது. அங்கே எப்படி?

அக்கா,
விக்டோரியா


எளாவூர்
1.9.1974

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வருடமும் மறக்காமல் அனுப்புகிறீர்கள். அதிரசம் அம்மா கைப்பக்குவம் அப்படியே. இருவரும் சாப்பிட்டோம். வீரராகவனுக்கும் இரண்டு கொடுத்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

மழை அதிகமில்லை. நாங்கள் சுகம்.

சென்ற வாரம் டிரெய்லரைத் தோப்பிலிருந்து சாலையின் அந்தப் பக்கம், மேடான இடத்துக்கு மாற்றினோம். செக்போஸ்டைத் தாண்ட வேண்டும். மதுவிலக்கு மறுபடி வந்ததிலிருந்து அங்கே கெடுபிடி. ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். "உள்ள இன்னா? அரிசியா, சரக்கா?" என்றார். "பொஞ்சாதி" என்றேன். அவர் நம்பாமல் கதவைத் திறந்தார். கன்னியம்மா ஸ்டவ்மேல் குழம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மூடு சார், காத்து வந்தா ஸ்டவ்வு அணைஞ்சிடும்" என்றாள். அவர் மூடிவிட்டார். பின்னால் வரிசையாக நின்ற லாரிக்காரர்கள் ஆரன் அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்தக் கலவரத்தில் மாடு ஒன்று செக்போஸ்டின் தடுப்புக் குழாயை முட்டி ஒடித்துவிட்டது. குழாயை நானே வெல்டிங் வைத்துக் கொடுத்தேன்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதினேன்.

தம்பி,
ஜெயராஜ்


திருவள்ளூர்
8.9.1974

கன்னியம்மாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் உனக்கு எழுதுவது இதுவே முதல் தடவை. ஆகையால் சுற்றி வளைக்கவில்லை. டீக்கடைக்காரர் இதை உன் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்று உறையின்மேல் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்டு 12ஆம் தேதி நான் அனுப்பிய பார்சல் 24ஆம் தேதி என்னிடமே திரும்பி வந்துவிட்டது. 'குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்துவிட்டார்' என்று தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு வாரம் கழித்து ஜெயராஜ் அதிரசம் நன்றாக இருந்தது என்று எழுதுகிறான். ஒவ்வொரு வருடமும் அதிரசம் அனுப்புவேன், அந்த நினைப்பில் எழுதிவிட்டான். இந்த வருடம் நான் அதிரசம் வைக்கவில்லை. அதில் இருந்தது எங்கள் அம்மாவின் கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை. அது உனக்காக. பார்சலின்மேலும் உன் பெயர்தான் எழுதியிருந்தேன்.

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுது. நீங்கள் எங்கே படுக்கிறீர்கள்? எப்போதிலிருந்து? மழை பிடித்தால் என்ன செய்வதாக உத்தேசம்?

விக்டோரியா


எளாவூர்
17.9.74

டீச்சரம்மாவுக்கு கன்னியம்மா கும்பிட்டு எழுதறது. கால் நோவு எப்டி கீதுன்னு அவரு டெய்லி நெனச்சிக்குவாரு. நான் அஞ்சாவது வரிக்கும் தான் படிச்சேன். தப்பு இருந்தா மன்னிக்கணும்.

படுக்கறது அந்த டிரெய்லர்ல தான். சித்திரை பொறந்த ஒடனே பேக்டரிய மூடிட்டாங்க. கரண்ட் இல்ல, ஆர்டர் இல்ல, போங்கன்னுட்டாங்க. வைகாசில கோட்டர்சும் காலி பண்ண சொல்லிட்டாங்க. ஜீப்ப வித்துட்டாரு. அதுலேர்ந்து தோப்புல இருந்தோம், இப்ப ரோட்டுக்கு இந்தாண்ட மேட்டுல கீறோம். செக்போஸ்டாண்ட லாரி பட்டறையில தினக்கூலிக்கு வெல்டிங் பண்றாரு. கேம்பு கேம்புன்னு உங்களுக்கு எழுதும்போது நான் பக்கத்துல தான் குந்திகினு இருப்பேன். எழுதிட்டு படிச்சி காட்டுவாரு. சிரிப்போம். அப்புறம் அவரு வெளிய போய் நின்னுக்குவாரு.

பூண்டிக்கு வந்தது ஊரு சுத்த இல்லம்மா. உங்க கிட்ட வேல போன சேதிய நேர்ல சொல்லத்தான் வந்தோம். அஞ்சு நாளும் காலைல குளிச்சி வெள்ள சட்ட போட்டுகினு பஸ்ஸுக்கு போவாரு. பஸ்ஸு வரும். ஏற மாட்டாரு. ஏரிக்கரைல நின்னுட்டு வந்துருவாரு. அக்கா என்ன வளத்தவங்க, அவங்க முன்னாடி இப்டி போய் நிக்க முடியலன்னாரு.

மழைக்கு இது தாங்காது. இப்பவே ரெண்டு எடத்துல ஒழுகுது. போன வாரம் அவருக்கு காய்ச்சல். தகரத்துல நெஞ்சு சளி பிடிச்சிகிச்சி. ஐப்பசி மழ வந்தா இன்னா பண்றதுன்னு எனக்கே தெரில.

நான் ஒண்ணு கேக்கறேன். அவர மட்டும் கூப்டுக்குங்க. நான் பழவேற்காட்ல சித்தப்பா ஊட்ல இருந்துக்குவேன். அந்த கேட்ட நான் தாண்ட மாட்டேன். நீங்க சொன்னத நான் மீற மாட்டேன். ஆனா இத நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. என்ன வுட்டுட்டு வர மாட்டேன்னு முந்தியே சொல்லிட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு.

நான் எழுதுனது அவருக்கு தெரியாது. சேலைய பத்திரமா வெச்சிக்குங்க. இங்க வெக்க எடம் இல்ல.

கன்னியம்மா


திருவள்ளூர்
25.9.1974

அன்புத் தம்பி ஜெயராஜுக்கு,

உன் செக்போஸ்ட் கதையைப் படித்தேன். அதிரசம் பிடித்திருந்தது பற்றி மகிழ்ச்சி. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் டிரெய்லரின் அகலம் எவ்வளவு? சக்கரத்தின் வெளிப்பக்கத்திலிருந்து மறு சக்கரத்தின் வெளிப்பக்கம் வரை நாடா வைத்து அளந்து, அடியிலும் அங்குலத்திலும் எழுது. சுமாராக எழுதாதே. உயரம் தேவையில்லை.

அக்கா,
விக்டோரியா


எளாவூர்
3.10.1974

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். நலம்.

அகலம் ஐந்தடி ஏழு அங்குலம். இரண்டு தடவை அளந்தேன். கன்னியம்மா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டால், டீச்சரம்மா கேட்டால் காரணம் இருக்கும் என்கிறாள்.

தீபாவளி வரை இங்கேயே கேம்ப் போடலாம் என்று யோசனை. மேகம் கூடி வருகிறது, ஆனால் கித்தானுக்குத் தார் பூசிவிட்டேன். லேசாக இருமல் இருந்தது, போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஜெயராஜ்


திருவள்ளூர்
12.10.1974

அன்புத் தம்பி ஜெயராஜுக்கு,

இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் காய்ச்சி வைத்திருக்கிறேன். அதைத் தபாலில் அனுப்ப முடியாது.

அப்பா கட்டிய கேட்டின் அகலம் நாலரை அடி. நானே அளந்தேன். உன் டிரெய்லர் ஐந்தடி ஏழு அங்குலம். ஆகவே திங்கட்கிழமை ஆதிகேசவன் கொத்தனாரை வரச் சொன்னேன். அவர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பெரியய்யா கட்ன தூணு, இரும்பு மாரி கீது. இத போய் இடிக்க சொல்றீங்க? ஒரு பக்கம் மட்டும் எடுத்தா போதாதா?" என்றார். இரண்டு பக்கமும் எடுங்கள் என்றேன். "அப்போ கேட்ட எங்க மாட்றது?" என்றார். மாட்ட வேண்டாம் என்றேன். அவர் கடப்பாரையை எடுத்தார். இரண்டு நாள் வேலை. அப்பாவின் பெயர் பொறித்த கல்லைப் பத்திரமாக எடுத்துத் திண்ணைச் சுவரில் பதிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட் கிணற்றடியில் சாத்தியிருக்கிறது. தெரு மாடுகள் வந்து என் குரோட்டன்ஸ் செடிகளைத் தின்றுகொண்டிருக்கின்றன.

1969இல் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேட்டைத் தாண்டி அவள் வரக்கூடாது என்றேன். அவள் வரமாட்டாள். அங்கே இப்போது கேட் இல்லை.

டிரெய்லரை மழையில் நிறுத்தினால் அடித்தகரம் துருப்பிடிக்கும். செய்த பொருளை நாசமாக்குவது எனக்குப் பிடிக்காது. கொல்லைப் பக்கம் பழைய வண்டிக் கொட்டகையைச் சுத்தம் செய்தாயிற்று. அதில் நிறுத்து. மழைக்காலத்தில் யாரும் கேம்ப் போவதில்லை, ஆகையால் அதற்குள் படுக்க வேண்டியதில்லை. முன்னறையையும் அதை அடுத்த அறையையும் பெருக்கி வைத்திருக்கிறேன். முன்னறை அலமாரியில் மேல் தட்டில் கத்தரிப்பூ நிறச் சேலை இருக்கிறது. அது யாருக்கு என்று கன்னியம்மாவுக்குத் தெரியும். நீ அவளைக் கேள்வி கேட்காதே.

21ஆம் தேதி திங்கட்கிழமை காலை கொத்தனாரின் மைத்துனன் டிராக்டரோடு எளாவூர் டீக்கடைக்கு வருவான். அச்சாணியில் மரக்குச்சி இருந்தால் மாற்றிவிடு. இருட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். மூன்று பேருக்குச் சமைத்திருப்பேன்.

வரும் வழியில் பூண்டியில் தங்க வேண்டாம்.

அக்கா,
விக்டோரியா